‘ஒருவகைப் பறவை’ என்னும் உரை

குறுந்தொகைப் பாட்டொன்று வகுப்பில் நடக்கிறது. ‘குருகு’ என்னும் சொல் வருகிறது. மாணவர் பொருள் கேட்கின்றனர். ‘ஒருவகைப் பறவை’ என்கிறார் ஆசிரியர். பாட்டு மேலே செல்கிறது. அன்றில் வந்தாலும் அதே விடை. கணந்துள் வந்தாலும் அதே விடை. மலருக்கும் மீனுக்கும் இந்த விடையே பயன்படுகிறது. சங்கப் பாட்டில் வாழும் உயிர்கள் அனைத்தும் இவ்வாறு ஒரே கூட்டில் அடைபட்டுக் கிடக்கின்றன. தேர்வில் எவரும் குருகின் காலைப் பற்றிக் கேட்பதில்லையாதலின், ஆசிரியருக்கும் இடையூறில்லை, மாணவருக்கும் இடையூறில்லை. இடையூறு பாட்டுக்குத்தான்.

இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. பழைய உரையாசிரியர்களுக்குப் பறவை வீட்டு வாயிலிலேயே இருந்தது. அதை விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஏடுகளைத் தேடி அச்சேற்றிய பெருமக்களுக்குச் சொல்லைக் காப்பதே முதற்கடனாக இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில், ஒவ்வொரு பாட்டுக்கும் பிற நூல்களிலிருந்து ஒப்புமை திரட்டித் தந்திருக்கும் உழைப்பைக் காண்போர் வியவாதிரார். அவர்களைக் குறை கூறுவது நன்றியின்மை. குறை பின்வந்தவர்களிடம் உள்ளது. சொல் கிடைத்துவிட்டது, பொருளைத் தேடி ஒருவரும் வயற்கரைக்கோ கழிக்கரைக்கோ செல்லவில்லை. கையேட்டிலிருந்து கையேடு பிறந்தது. ‘ஒருவகைப் பறவை’ என்ற தொடர் மட்டும் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டது.

சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்போர் இதற்கு மற்றொரு சமாதானம் சொல்வதுண்டு. ‘அவையெல்லாம் தமிழ்நாட்டுப் பறவைகள், அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு அவற்றை எங்கே காட்டுவது?’ என்பர். இச்சமாதானம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சுவா சூ காங் வட்டாரத்தை வைத்தே ஆராய்ந்து பார்க்கலாம்.

சுவா சூ காங் என்னும் பெயரிலேயே ஓர் ஆறு இருக்கிறது. ஆற்றங்கரை நிலத்தைப் பெற்று, காம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனத் தலைவர்களின் காலத்துப் பெயர் அது. பின்னர் ரப்பரும் அன்னாசியும் கோழிப் பண்ணைகளும் வந்தன. இன்று அங்கே உயர்ந்த குடியிருப்புகள்; 1990ஆம் ஆண்டு முதல் பெருவிரைவு ரயிலும் ஓடுகிறது. ஆயினும் வடமேற்கே சிறிது தொலைவு சென்றால் நீரும் புல்லும் சதுப்புமாக வேறோர் உலகம். 1975ஆம் ஆண்டில் கிராஞ்சி ஆற்றின் வாயை அணையிட்டு நீர்த்தேக்கம் ஆக்கினர். அதன் ஓரத்துத் தாழ்நிலங்கள் நீரில் ஆழ்ந்து நன்னீர்ச் சதுப்பாயின. அங்கே ஏறத்தாழ 57 ஹெக்டேர் பரப்புள்ள கிராஞ்சிச் சதுப்புநிலம் 2016இல் மக்கள் காணத் திறக்கப்பட்டது. அதற்கும் வடக்கே, ஜோகூர் நீரிணையை நோக்கியிருக்கிறது சுங்கை பூலோ. அலையேறும் கழியும் கண்டல் மரமும் உடைய அவ்விடம் ஒரு காலத்தில் இறால் வளர்க்கும் குளங்களாக இருந்தது. ஆக, மருதமும் நெய்தலும் பேருந்து செல்லும் தொலைவில்தான் இருக்கின்றன.

முதலில் குருகைப் பார்ப்போம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. களவில் தன்னைக் கூடிய தலைவன் சொன்ன சொல் தவறிவிடுவானோ என்று அஞ்சும் தலைவி தோழியிடம் பேசுகிறாள். அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவன் மட்டுமே இருந்தான். அவனே பொய்த்தால் அவள் செய்யக்கூடியது என்ன? இவ்வளவு சொன்ன பிறகு அவளுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு குருகும் இருந்தது. ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கால் தினைப்பயிரின் தண்டு போலச் சிறிதாய்ப் பசுமையாய் இருந்தது.

‘குருகு ஒருவகைப் பறவை, அது சான்று சொல்லாது’ என்று உரைத்து இப்பாட்டை முடித்துவிடலாம், பலர் முடித்தும் விடுகின்றனர். ஆனால் காலின் நிறத்தைக் கபிலர் ஏன் சொன்னார்? வெண்கொக்குகளுள் பெரியதற்கும் சிறியதற்கும் கால் கறுப்பு. தினைத்தண்டின் பசுமஞ்சள் அவற்றிடம் இல்லை. அந்நிறமுள்ள கால், வயற்கரையில் கூனிக் குறுகி நிற்கும் மடையானுக்கு உண்டு. குருகு என்பது நீர்ப்பறவை பலவற்றிற்கும் பொதுவாக வழங்கும் சொல்லாதலின், இதுவே அது என்று சூடம் ஏற்றிச் சொல்ல இயலாது. எனினும் பாட்டில் வரும் அடையாளம் மடையானுக்கு நன்கு பொருந்துகிறது. தமிழ்நாட்டு மடையான் சிங்கப்பூருக்கு அரிதாகவே வருகிறது. அதன் நெருங்கிய உறவான சீனத்து மடையான் வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் கிராஞ்சிக் கரைக்கு வருகிறது. அது வராத காலத்திலும், அதே தோற்றத்தில் சற்றே கருத்த மற்றொரு சிறு கொக்கு சுங்கை பூலோவின் மதகடியில் ஆண்டு முழுவதும் நிற்கும்.

அந்த மதகடியில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்க்குப் பாட்டு வேறாகத் தோன்றும். பறவை அசைவதில்லை. கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கிறது. மனிதர் பேசிக்கொண்டு நெருங்கினாலும் தலை திரும்புவதில்லை. அதனால்தான் நாட்டு மக்கள் மடையானைக் குருட்டுக் கொக்கு என்றும் அழைத்தனர். கண்ணில்லாதது அன்று அது. கண் முழுவதும் நீரில் இருக்கிறது. தலைவியின் துயரம் இங்கேதான் முழு வலிமை பெறுகிறது. சான்று ஒன்று இருந்தது. அது கண்ணுள்ள சான்று. அது பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆயினும் பார்க்க வேண்டியதை அது பார்க்கவில்லை. ஒரு கிளியையோ மயிலையோ அங்கே நிறுத்தியிருந்தால் இப்பொருள் கிடைத்திராது. ‘அது பறவையாதலின் பேசாது’ என்பது உரைகாரரின் விளக்கம். ‘அது மீனையே பார்த்தது’ என்பது கபிலரின் விளக்கம். இரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

குருகைத் தலைவனுக்கே உவமையாகக் கொள்வாரும் உளர்: காத்திருந்து, இரையைக் கவர்ந்து, பறந்து போவது. இக்கருத்தையும் மதகடிக் காட்சி மறுக்கவில்லை. நெடுநேரம் கல்லாய் நின்ற பறவை இமைப்பொழுதில் கழுத்தை நீட்டிக் குத்துகிறது, விழுங்குகிறது, அடுத்த கணம் வெண்சிறகு விரித்து அப்பால் செல்கிறது. நிற்கும்போது மண்ணிறமாய் இருந்தது பறக்கும்போது வெள்ளையாகிவிடும். காணாதவர் இதை அறிய மாட்டார். கண்டவர்க்கு இந்த இரண்டாம் பொருளும் நெருடலின்றி வந்து சேரும்.

சிட்டுக்குருவியின் நிலை இதற்கு நேர்மாறானது. குருகைக் காணாமல் படிக்கின்றனர். குருவியைக் கண்டுவிட்டதாகவே எண்ணிப் படிக்கின்றனர். குறுந்தொகையின் 85ஆம் பாட்டில், சூல்கொண்ட பேடைக்குக் கூடு அமைக்க ஆண்குருவி கரும்பின் பூவைக் கோதி எடுக்கிறது. பரத்தையிடமிருந்து வந்த தலைவனுக்கு வாயில் மறுக்கும் இடம் அது. குருவியின் இல்லறம் தலைவனுக்குச் சவுக்கடி. பாட்டைப் பாடம் சொல்லும்போது சுவா சூ காங் மாணவர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தத்தும் குருவியை நினைத்துக்கொள்வர். அது வேறு இனம். சிங்கப்பூரில் பெரிதும் காணப்படுவது மரச்சிட்டு. வெண்மையான கன்னத்தில் கரும்புள்ளி உடையது. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். தமிழ்நாட்டு வீட்டுச் சிட்டிலோ ஆணுக்குச் சாம்பல் நிற உச்சியும் கரிய தொண்டையும் உண்டு. பேடை மங்கல் நிறம். எது ஆண், எது பேடை என்று கூரையை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். ஆண்குருவியின் அன்பைப் பாடிய புலவர் அவ்வேறுபாட்டைக் கண்ணால் கண்டே பாடியிருக்கிறார். ஆகவே இங்குள்ள குருவியைக் காட்டும் ஆசிரியர், ‘இதுவன்று, இதன் உறவு’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாரானால் பிள்ளைகளின் கண் கூர்மையடையும். ஆண் எது, பெண் எது என்று இங்கே தெரியவில்லையே என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அவ்வகுப்பு வெற்றி பெற்றது.

இங்கே காண இயலாத பறவையையும் ஓரளவு காட்டலாம். அன்றிலை எடுத்துக்கொள்க. பிற்காலக் கவிதையில் அன்றில் வெறும் சின்னமாகிவிட்டது. துணை பிரிந்தால் உயிர்விடும் என்ற ஒரு செய்தியைத் தவிர அதற்கு உடம்பே இல்லை. குறுந்தொகையின் 160ஆம் பாட்டிலோ உடம்பு இருக்கிறது. தலை நெருப்பைப் போலச் சிவந்தது; அலகு இறாலைப் போல வளைந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, வயல்வெளியில் திரியும், உச்சந்தலை சிவந்த கரிய அரிவாள்மூக்கனே மனத்தில் வருகிறது. அப்பறவை சிங்கப்பூரில் இல்லை. ஆனால் சுங்கை பூலோவின் சேற்றுத் திட்டில், வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வந்திறங்கும் கோட்டான் உள்ளான் கூட்டம் கூட்டமாக நிற்கும். அதன் நீண்ட அலகு நுனியை நோக்கிக் கீழே வளைந்திருக்கும். இறாலின் வளைவு எத்தகையது, அதை ஓர் அலகுக்கு ஒப்பிட்டவர் எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்பதை உணர்த்த அது போதும். பழைய இறால் குளத்தின் கரையிலேயே நின்று அதைக் காண்பது தற்செயலாகக் கிடைத்த பேறு.

கணந்துளைப் பற்றி இதனினும் தெளிவாகப் பேசலாம். நீண்ட கால்களையுடைய அப்பறவை, பாலை வழியில் ஆள் இருப்பதைக் கத்தி அறிவித்து, செல்வோரைத் திரும்பச் செய்யும் என்று குறுந்தொகை 350ஆம் பாட்டு கூறுகிறது. தமிழ்நாட்டு உழவன் இதைக் கேட்டால் அகராதியைப் புரட்ட மாட்டான்; ‘ஆட்காட்டி’ என்பான். அது வேறு பறவை என்று கருதுவோர்க்கும் இடம் உண்டு. ஆயினும் லிம் சூ காங் சாலைப் பக்கத்துப் புல்வெளிகளில் இன்றும் ஆட்காட்டி வாழ்கிறது. மஞ்சள் நிற நெடுங்கால், கண்ணின் முன்னே சிவந்த தசை. மனிதர் காலடி வைத்ததும் எழுந்து, வட்டமிட்டு, ஓயாமல் கூவும். வேறு பறவைகள் ஒளிந்துகொள்ளும், இது காட்டிக்கொடுக்கும். கொள்ளையர் பதுங்கியிருக்கும் வழியில் அக்குரல் எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தப் புல்வெளியில் ஒருமுறை நடந்தவர் உணர்வர். ஒருவகைப் பறவை என்று எழுதியவர் நடந்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பறவையை அறிந்தவர் எல்லாரும் பாட்டை அறிந்தவராகிவிட மாட்டார். பி. எல். சாமி அவர்கள் 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில், புலவர் கூறும் அடையாளத்தையும் பறவையியலார் கூறும் அடையாளத்தையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்தார். தமிழாசிரியர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டிய நூல் அது. ஆயினும் அத்தகைய நூலை வைத்துக்கொண்டு பறவையின் அறிவியற் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் விளக்கம் முடிந்தது என்று கருதுவோர், ‘ஒருவகைப் பறவை’ என்போரின் மறுபாதியே ஆவர். முன்னவர் பெயர் சொல்லாமல் விட்டார். பின்னவர் பெயரோடு விட்டார். மா. கிருஷ்ணன் (1912–1996) எழுதிய தமிழ்க் கட்டுரைகள் இவ்வகையில் நல்ல வழிகாட்டி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பறவையின் பெயரைவிட அது என்ன செய்கிறது என்பதைச் சொல்வதிலேயே மகிழ்ச்சி கண்டார். பாட்டுக்கு உரை காண்போருக்கு வேண்டுவதும் அதுவே.

குயிலை வைத்து இவ்வேறுபாட்டை விளக்கலாம். சுவா சூ காங்கில் விடியுமுன் உரத்துக் கூவி மக்களின் உறக்கத்தைக் கெடுப்பது கரிய ஆண்குயில். பேடைக்குப் புள்ளிச் சிறகு. ‘கிக் கிக்’ என்று விரைந்து ஒலிப்பதன்றி அதற்கு இசை கிடையாது. பாரதியாரின் குயிற்பாட்டிலோ பாடுவது பெண்குயில். அப்படியானால் பாரதியார் பிழை செய்தார் என்று சிவப்பு மையால் கோடு இடலாமா? கூடாது. அங்கே குயில் ஒரு கனவின் உரு. அதன் குரலைப் பறவையியலால் அளப்பது, கனவில் வந்த மாம்பழத்தின் எடையைக் கேட்பது போலாகும். கபிலரின் குருகு கனவன்று. காலின் நிறம் கூறப்பட்ட குருகு. எங்கே புலவர் கண்ணால் அளந்தார், எங்கே மரபைக் கையாண்டார் என்று பிரித்தறிவதுதான் திறனாய்வு. இரண்டையும் ஒன்றாகக் கொள்பவர் இருவரையும் இழப்பார். நீரைப் பிரித்துப் பாலை உண்ணும் அன்னத்தைத் தேடிக் கிராஞ்சிக்குச் செல்ல வேண்டியதில்லை.

சத்திமுற்றப் புலவரின் நாரையை இவ்விரண்டில் எதிற் சேர்ப்பது? ஐயமின்றி முதலாவதில். காலும் சிவப்பு, அலகும் பவளச் சிவப்பு என்று இரண்டு அடையாளமும் அவர் தருகிறார். துணையோடு தெற்கே குமரிக்குப் போய், வடக்கே மீளும் என்கிறார். வடநாடுகளிலிருந்து குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வலசை வரும் செங்கால் நாரைக்கு இவை முற்றும் பொருந்தும். சுங்கை பூலோவில் பிள்ளைகளுக்கு ‘நாரை’ என்று காட்டப்படும் சாம்பல் நிறப் பறவை அதுவன்று. ஆனால் வலசை என்னும் செய்தியை அங்கே நேரில் காட்டலாம். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பவளக்காலியும் கோட்டான் உள்ளானும் வந்திறங்குகின்றன. மார்ச்சு அளவில் திரும்புகின்றன. வறுமையில் வாடிய புலவர் ஒருவர் வானில் செல்லும் பறவையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லக் காரணம், அது குறித்த காலத்தில் குறித்த வழியில் செல்லும் என்ற நம்பிக்கை. தூது வெறும் கற்பனையன்று. நாள்தோறும் வானத்தைப் பார்த்தவரின் கற்பனை.

பறவையைக் காண்பதும் கற்பதும் இவ்வாறாயின், அதற்கு உதவுவது எவ்வாறு? இக்கேள்வியில் தமிழர் மரபு சிங்கப்பூரில் ஒரு சங்கடத்தைச் சந்திக்கிறது. காக்கைக்குச் சோறிட்டு உண்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெயரே காக்கையால் வந்தது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்யும் சோறும் ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் போதாது என்று தோழி கூறும் அவருடைய பாட்டு குறுந்தொகையில் 210ஆவதாக உள்ளது. இன்று சுவா சூ காங் மாடியில் ஒரு கைப்பிடிச் சோறு வைத்தால் அது குற்றமாகலாம். 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம், காட்டுயிர்க்கு உணவிடுவதைத் தீவு முழுவதும் தடை செய்கிறது.

சட்டம் மரபை மதிக்கவில்லை என்று முகம் சுளிப்பது எளிது. காக்கையின் வரலாற்றை அறிந்தால் முகம் சுளிக்கத் தோன்றாது. வீட்டுக் காக்கை இந்நாட்டுக்கு உரியதன்று. காப்பித் தோட்டங்களில் பரவிய புழுக்களை ஒழிப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. தோட்டத்து வேலைக்கென்று கடல் கடந்து கொண்டுவரப்பட்டவை காக்கைகள் மட்டுமல்ல என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் புழு ஒழிந்ததோ இல்லையோ, காக்கை பெருகியது, சிங்கப்பூருக்கும் வந்தது, குப்பையிலும் மனிதர் சிந்திய சோற்றிலும் வாழ்ந்து, சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முன்னர்ச் சிங்கப்பூருக்குக் குளிர்கால விருந்தாக மட்டும் வந்துகொண்டிருந்த குயில், காக்கைக் கூடு பெருகிய பின், 1980களை ஒட்டி இங்கேயே முட்டையிட்டுத் தங்கத் தொடங்கியது. குயிலைக் காக்கை வளர்க்கும் என்பது தமிழருக்குப் பழஞ்செய்தி. அச்செய்தியின் இரு பாத்திரங்களும் கடல் கடந்தும் கதையை விடவில்லை.

நச்செள்ளையாரின் தோழி காக்கைக்குக் காட்டியது நன்றி. அந்நன்றியைச் சோற்றால்தான் செலுத்த வேண்டும் என்பதில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்குச் சோறிடவில்லை. ஏரியையும் மரங்களையும் காத்தனர், வேட்டையைத் தடுத்தனர். பறவை எச்சம் கலந்த நீர் அவர்கள் வயலுக்கு எருவாயிற்று. சுங்கை பூலோவும் இவ்வாறே காக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை அன்பர்கள் அங்கே வலசைப் பறவைகள் கூடுவதைக் கண்டு, கணக்கெடுத்து, இவ்விடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அரசினரிடம் எழுத்து மூலம் கேட்டனர். 1989இல் 87 ஹெக்டேர் பூங்காவென ஒதுக்கப்பட்டது, 1993இல் திறக்கப்பட்டது, 2002இல் 130 ஹெக்டேர் பரப்புடன் இயற்கைக் காப்பகமாயிற்று. கூர்ந்து பார்த்ததும் பார்த்ததைப் பிழையின்றி எழுதியதுமே அவர்கள் செய்த உதவி. எழுதுவது தமிழாசிரியருக்குப் புதிய வேலையன்று.

முற்காலத்து ஆசிரியர் பயிற்சியில் இயற்கைப் பாடம் என ஒன்று இருந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கண்டதைப் படம் வரைந்து, நாள் குறித்து எழுதச் செய்வர். தோட்டப் பள்ளிகளில் அதற்குச் செலவே இல்லை. ரப்பர் மரத்தடியில் செண்பகம் தானாகவே வந்து நிற்கும். அப்பாடம் அறிவியல் நூலுக்குள் புகுந்து மறைந்துவிட்டது. தமிழ் வகுப்பு அதைத் தேடவுமில்லை. சுவா சூ காங் பள்ளியொன்றில் குறுந்தொகை 25ஆம் பாட்டு நடக்கவிருக்கும் வாரத்துக்கு முந்திய சனிக்கிழமையில், விடியற்காலையில், மாணவர் பத்துப் பேர் கிராஞ்சிக் கரைக்குச் செல்லட்டும். ஏட்டில் குறிக்க வேண்டியவை மூன்றே: கொக்கின் கால் என்ன நிறம், எவ்வளவு நேரம் அசையாமல் நின்றது, தலையைத் திருப்பியதா இல்லையா. திங்களன்று பாட்டைப் படித்துவிட்டு ‘குருகு’ என்ற சொல்லுக்கு அவர்களையே உரை எழுதச் சொல்லலாம்.